ப்ரூகெலின் 'குடியானவர் கல்யாணம்': ஒரு மணி நேரத்தில் முழுதாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

கழற்றி எடுத்த ஒரு கதவு. அதன் அடியில் இரண்டு கம்புகள். மேலே கூழ் நிறைந்த வட்டக் கிண்ணங்கள். வெள்ளை ஏப்ரன் கட்டிய இரண்டு பேர் அதைத் தூக்கி வருகிறார்கள். பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்த ஒருவர் திரும்பி, கையை நீட்டி, கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்கு மாற்றுகிறார். மூத்த பீட்டர் ப்ரூகெல் 1567-68 வாக்கில் வரைந்த 'குடியானவர் கல்யாணம்' ஓவியத்தின் உயிர் இந்தப் பரிமாறலில்தான் இருக்கிறது. இன்று அது வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியத்தில் தொங்குகிறது.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலானவை நேராக 'இதற்கு என்ன அர்த்தம்' என்ற கேள்விக்குப் போய்விடுகின்றன. பெருந்தீனியைக் கண்டிக்கிறதா, குடியானவர்களைக் கேலி செய்கிறதா, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணத்தை மறைமுகமாகச் சொல்கிறதா என்று விவாதம் நீளும். அந்தக் கேள்விகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். யார் என்ன வேலை செய்கிறார், யார் கை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்தால், அர்த்தத்தைப் பற்றிய விவாதத்தில் பாதி தானாகவே தெளிந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. ஒரு மணி நேரம், ஒரு வெள்ளைத்தாள், பென்சில், அடிக்கோல் இருந்தால் போதும்.

படி 1: சரியான படத்தைப் பிடியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் நகல்களில் பாதி மஞ்சள் ஏறியவை, மீதியில் பல சிவப்பைத் தூக்கிக் காட்டுபவை. ப்ரூகெல் இறந்த 450ஆவது ஆண்டை ஒட்டி வியன்னா மியூசியம் 2018-19ல் ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அப்போது தன்னிடம் உள்ள 12 ப்ரூகெல் ஓவியங்களையும் மிக நுண்ணிய அளவில் படமெடுத்து 'இன்சைட் ப்ரூகெல்' என்ற தளத்தில் இலவசமாகத் திறந்து வைத்தது. சாதாரண ஒளிப் படம், அகச்சிவப்புப் படம், எக்ஸ்ரே படம் மூன்றையும் அங்கே பார்க்கலாம். அதையே பயன்படுத்துங்கள்.

தேடும்போது அடிக்கடி நடக்கும் தவறு, மகனின் நகலை அப்பாவின் மூலம் என்று நினைத்துக்கொள்வது. இளைய பீட்டர் ப்ரூகெல் அப்பாவின் ஓவியங்களைப் பார்த்தும் அதே மாதிரியிலும் நிறைய வரைந்து விற்றார். பெல்ஜியத்தின் கெண்ட் நகர மியூசியத்திலும் அவருடைய குடியானவர் கல்யாணம் ஒன்று இருக்கிறது. பெயரின் எழுத்து ஒரு நல்ல அடையாளம்: அப்பா 1559 வாக்கில் தன் கையொப்பத்திலிருந்து 'எச்' எழுத்தை நீக்கிவிட்டார், மகன்களோ அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். படத்தின் விவரக்குறிப்பில் அந்த எழுத்து இருந்தால் நின்று, எந்த மியூசியம், எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆனால் இந்த ஓவியத்தில் கையொப்பமே இன்று இல்லை. ஏன் என்பது பின்னால் வருகிறது.

படி 2: அளவை உடம்பால் உணருங்கள்

ஓவியம் சுமார் 114 செமீ உயரம், 164 செமீ அகலம். 34 செமீ அகலமுள்ள மடிக்கணினித் திரையில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஃபோனில் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவரில் அதே அளவில் ஒரு செவ்வகத்தை டேப் ஒட்டியோ சாக்பீஸால் கோடிட்டோ குறித்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செமீ உயரத்தில் இருக்கட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

இது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் ப்ரூகெலின் முந்தைய ஓவியங்களில் மனிதர்கள் எறும்புக் கூட்டம் போலச் சின்னவர்கள். 1560ல் வந்த 'குழந்தைகள் விளையாட்டு' ஓவியத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேலிருந்து பார்க்கிறோம். கல்யாண ஓவியத்திலோ ஆட்கள் பெரிதாகி, நம் கண் மட்டத்துக்கு வந்துவிட்டார்கள். தட்டைத் தூக்கி வருபவர் கிட்டத்தட்ட நம் மேல் இடித்துவிடுகிற தூரத்தில் இருக்கிறார். அந்த நெருக்கம் சின்னத் திரையில் வராது.

படி 3: கண் போகும் பாதையை வரையுங்கள்

வெள்ளைத்தாளில் 11.4 செமீக்கு 16.4 செமீ கட்டம் போடுங்கள், மூலத்தில் சரியாகப் பத்தில் ஒன்று. முகங்களை வரையத் தேவையில்லை. நான்கு கோடுகள் போதும்.

முதல் கோடு மேசை. அது படத்துக்கு இணையாகக் கிடக்கவில்லை. வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கத்துக்குச் சாய்ந்து ஓடுகிறது. கானா கல்யாணத்தையோ இயேசுவின் கடைசி விருந்தையோ வரைந்த பல ஓவியர்கள் மேசையை நமக்கு நேராகப் போட்டு, அதன் பின்னால் ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். ப்ரூகெல் அதைச் சாய்த்துவிட்டார். அதனால் ஒரு மூலை நம் பக்கம் நீண்டு வருகிறது, மறு மூலை விருந்து நடக்கும் களஞ்சியத்தின் இருட்டுக்குள் போகிறது.

இரண்டாவது கோடு, இடது பின்புறத்தில் கதவருகே முண்டியடிக்கும் கூட்டத்திலிருந்து தொடங்கி முன்னால் தட்டு வரும் இடம் வரை. மூன்றாவது கோடு அந்தக் கதவுப் பலகையே. நான்காவது, கிண்ணம் எடுப்பவரின் நீட்டிய கை. நான்கையும் போட்டுவிட்டால் தெரிந்துவிடும்: கூட்டம் உள்ளே வருகிறது, முன்னால் திரும்புகிறது, தட்டில் ஏறுகிறது, அந்தக் கை வழியாக மறுபடி மேசைக்குள் போகிறது. அந்தச் சுழற்சி கொண்டுபோய் விடும் இடத்தில் மணப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். உருவத்தில் சிறியவள்தான், ஆனாலும் கண் அவளிடம் போய்த்தான் நிற்கிறது.

மேசைக் கோட்டை நேராகப் போட்டு ஒரு முறையும் முயன்று பாருங்கள். தட்டுக்காரர்களுக்கு நிற்க இடமே இருக்காது.

படி 4: பந்தியைப் பாருங்கள், அவசரமே வேண்டாம்

பதினைந்து நிமிடமாவது இங்கே செலவிடுங்கள்.

தட்டில் தொடங்குங்கள். வீட்டில் இவ்வளவு பேருக்குப் பரிமாறும் அளவு தாம்பாளம் கிடையாது. அதனால் கீலிலிருந்து கதவைக் கழற்றிவிட்டார்கள் என்றுதான் ஓவிய வரலாற்றாளர்கள் பார்க்கிறார்கள். கம்புகளைப் பிடித்திருக்கும் விரல்களைப் பெரிதாக்குங்கள். எடை எங்கே விழுகிறது என்று முழங்கையும் முதுகும் சொல்கின்றன. கிண்ணங்களில் இருப்பது சில வெள்ளை, சில மஞ்சள். கூழ் என்பதே பொதுவான கருத்து. கறி கண்ணில் படாது. ரொட்டி, கூழ், பீர், இவ்வளவுதான் இந்த விருந்து. 'பெருந்தீனி ஓவியம்' என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. யாரும் மூக்கு முட்டத் தின்று கீழே விழுந்து கிடக்கவில்லை. கூழ் எப்போது தன்னிடம் வரும் என்று காத்திருக்கும் முகங்கள்தான் அதிகம்.

தூக்கி வருபவர்களில் ஒருவரின் தொப்பியில் ஒரு மரக்கரண்டி செருகியிருக்கிறது. கரண்டியை அவரவரே கொண்டுவரும் காலம் அது, சாப்பாட்டுக் கத்தியும் அப்படித்தான். ஓவியம் முழுக்க இப்படிச் சின்னப் பொருள்கள் சரியான இடத்தில் இருக்கின்றன.

இப்போது தட்டுக்குக் கீழே வாருங்கள். தூக்குபவர்களின் கால்களை எண்ணுங்கள். ஒரு பாதம் அதிகமாக வரும். 'ப்ரூகெல் தவறிவிட்டார்' என்று அடிக்கடி பகிரப்படுவது இதைத்தான். ஆனால் மேசையோரம் உட்கார்ந்து கிண்ணம் எடுப்பவரின் உடம்பு எப்படித் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். அவருடைய கால் பலகைக்கு அடியில் எங்காவது இருந்தாக வேண்டும். பாதம் அவருடையது என்ற விளக்கம்தான் எளிமையானது. பென்சிலால் அவர் இடுப்பிலிருந்து அந்தப் பாதம் வரை ஒரு கோடு இழுத்து நீங்களே முடிவு செய்யலாம்.

இடது முன்மூலையில் ஒருவர் பெரிய சாடியிலிருந்து சின்னச் சாடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கூடை நிறையச் சாடிகள். சாடி கவிழும் கோணத்தைப் பாருங்கள், சிந்தாமல் ஊற்றும் கவனம் அந்தத் தோளில் இருக்கிறது. அவருக்குச் சற்று வலப்புறம் தரையில் ஒரு குழந்தை. தலைக்குப் பொருந்தாத பெரிய சிவப்புத் தொப்பி, அதில் மயிலிறகு. தொப்பி கண்ணையே மறைத்துவிட்டது. மடியில் கிண்ணம், வாயில் விரல். கல்யாணமும் கூட்டமும் அதற்குத் தெரியாது, கிண்ணத்தில் ஒட்டியிருப்பது மட்டும்தான் தெரியும். திரையில் அந்தக் குழந்தையின் விரலை முடிந்தவரை பெரிதாக்குங்கள். இரண்டே மூன்று தூரிகைத் தடங்கள்தான். அதற்குள் சப்புவது தெரிகிறது. கேலி செய்யும் கை இப்படி வரையாது.

படி 5: மணப்பெண்

சுவரில் கரும்பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே துணியில் காகிதக் கிரீடம், தலையிலும் ஒரு கிரீடம். கூந்தல் அவிழ்ந்திருக்கிறது. கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, எதையும் உண்ணாமல் குடிக்காமல் இருக்கிறாள். முகத்தில் ஒரு மெல்லிய திருப்தி.

அவளை 'மந்தமானவள்' என்று எழுதியவர்கள் உண்டு. அது அவசர வாசிப்பு. அன்று அவள் கை ஒரு வேலையும் செய்யக் கூடாது, அடக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அக்கால ஊர் வழக்கம் என்று விளக்குகிறார்கள். படத்தில் உள்ள மற்றக் கைகளை முந்தைய படியில் பார்த்துவிட்டு வந்திருந்தால் இது சட்டென்று பிடிபடும்: ஊற்றும் கை, தூக்கும் கை, எடுக்கும் கை, நக்கும் கை, நடுவில் கோத்து வைத்த ஒரு ஜோடிக் கை. ஆண்டு முழுதும் உழைத்த கைக்கு ஒருநாள் ஓய்வு.

படி 6: மாப்பிள்ளையைத் தேடுங்கள், ஆனால் தீர்ப்பு சொல்லாதீர்கள்

பீர் ஊற்றுபவர் என்கிறார்கள். கிண்ணம் எடுத்துக் கொடுப்பவர் என்கிறார்கள். மேசையில் கரண்டியை வாயில் வைத்திருப்பவர் என்றும், குவளையோடு பின்னால் சாய்ந்து இன்னும் கேட்பவர் என்றும் சொல்வார்கள். விருந்தில் மாப்பிள்ளை மணப்பெண்ணோடு உட்காராமல் பரிமாறுவதே ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி) வழக்கம் என்றொரு வாதமும் இருக்கிறது. எந்த அடையாளத்துக்கும் உறுதியான சான்று இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் இதில் செலவழிக்க வேண்டாம்.

படி 7: இசைக்காரர்கள்

மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் பேக்பைப்போடு நிற்கிறார்கள். ஃபிளாண்டர்ஸ் நாட்டில் இதற்கு 'பெய்ப்ஸாக்' என்று பெயர். தோல்பையில் காற்றை நிரப்பி, ஒரு குழாயில் விரல் வைத்து மெட்டு வாசிப்பார்கள். மேலே நிமிர்ந்து நிற்கும் இரண்டு நீளக் குழாய்கள் மாறாத சுருதியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த இரண்டும் ஒரே அடிக்கட்டையிலிருந்து கிளம்புவதைக் கவனியுங்கள். இசைக்கருவி செய்பவர்கள்கூட பழைய ஃபிளாண்டர்ஸ் பேக்பைப்பை மீண்டும் உருவாக்க ப்ரூகெலின் ஓவியங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

இருவரில் ஒருவரின் முகத்தைப் பெரிதாக்குங்கள். பார்வை கூழ்த் தட்டின் மேல். சவரம் செய்யாத கன்னம், ஏங்கும் கண். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசிக்க வேண்டியவர் அவர்.

படி 8: வலது மூலை

பந்தியின் பரபரப்போடு ஒட்டாத இரண்டு பேர் இங்கே. ஒருவர் பழுப்பு அங்கி போட்ட ஃபிரான்சிஸ்கன் துறவி. இன்னொருவர் கறுப்பு உடையில், இடுப்பில் வாளோடு, தாடி வைத்தவர். பேச்சில் மூழ்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாய் தலையை நீட்டுகிறது. கறுப்பு உடைக்காரர் நிலக்கிழாராக இருக்கலாம். ப்ரூகெல் தன்னையே வரைந்துகொண்டார் என்பதும் பழைய யூகம்தான். உயர்ந்த சாய்மானம் உள்ள நாற்காலியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். மற்ற எல்லோருக்கும் முரட்டு மர பெஞ்சும் கவிழ்த்த தொட்டியும்தான். அவரைக் கல்யாண ஒப்பந்தம் எழுதிய நோட்டரி என்று பலர் கொள்கிறார்கள்.

காலத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1566ல், அப்போது பிரஸ்ஸல்ஸையும் உள்ளடக்கி ஸ்பெயின் ஆட்சியில் இருந்த நெதர்லாந்து முழுதும் தேவாலயச் சிலைகள் உடைக்கப்பட்டன. 1567ல் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய ஆல்பா பிரபு படையோடு பிரஸ்ஸல்ஸுக்கு வந்தார். அதே ஊரில், அதே நேரத்தில் வரையப்பட்ட ஓவியம் இது. அதற்காக வாள் வைத்தவரைப் பார்த்ததும் ஒரு ரகசிய அரசியல் செய்தியைக் கட்டிவிட வேண்டாம். கனவான்களின் இடுப்பில் வாள் தொங்குவது அன்று சாதாரணம்.

படி 9: பின்சுவர்

மஞ்சளாகத் தெரியும் சுவர், சுவரே இல்லை. அறுவடை முடிந்து கூரைவரை அடுக்கிய கதிர்க்கட்டுகளும் வைக்கோலும்தான் அது. அதில் ஒரு வைக்கோல் வாரியைக் குத்தி, இரண்டு கதிர்க்கட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். களஞ்சியம் நிரம்பியிருப்பதால்தான் கல்யாணம் நடக்கிறது. இந்த ஒரு விவரத்தைத் தவறவிட்டால் ஓவியத்தின் பருவமே தெரியாமல் போகும்.

படி 10: பலகையையும் பூச்சையும் பாருங்கள்

இது துணியில் வரைந்ததல்ல, ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். அந்தக் கால ஃபிளாண்டர்ஸ் ஓவியர்களுக்குப் பலகை பெரும்பாலும் பால்டிக் கரையிலிருந்து வந்த ஓக். மரத்தின் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் பிளந்த பலகைகளை ஒட்டிச் சேர்ப்பார்கள், அப்படிப் பிளந்தால் வளைவது குறையும். அதன்மேல் சாக்பீஸ் பொடியை விலங்குப் பசையில் குழைத்துப் பல பூச்சு பூசி, காய்ந்ததும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். அதில் கறுப்பில் கோட்டோவியம் போட்டு, பிறகு வண்ணம்.

ப்ரூகெல் வண்ணத்தை மெலிதாகவே போடுவார். ஈய வெள்ளை கலந்த வண்ணம் காலப்போக்கில் கண்ணாடித்தன்மை அடைகிறது. அதனால் சில இடங்களில் அடியிலுள்ள கோடுகள் சாதாரணக் கண்ணுக்கே தெரியத் தொடங்கிவிடும். அகச்சிவப்புப் படத்தைத் திறந்து, சாதாரணப் படத்தோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். கோடு எங்கே இருந்தது, வண்ணம் எங்கே விலகியது என்பது புரியும். அகச்சிவப்பில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கோட்டோவியம் என்று எண்ணிவிடாதீர்கள். கரிக் கறுப்பு கலந்த மேல்வண்ணமும் அப்படித்தான் தெரியும்.

நிறங்களிலும் ஒரு எச்சரிக்கை. அன்று பயன்பட்ட செப்புப் பச்சைகள் பழுப்பேறும். ஸ்மால்ட் எனும் கோபால்ட் கண்ணாடி நீலம் சாம்பலாக வெளிறும். எனவே பழைய ஃபிளாண்டர்ஸ் ஓவியத்தில் மங்கிய நீலத்தையோ கறுத்த பச்சையையோ பார்த்து 'சோகமான நிறம்' என்று உணர்ச்சி ஏற்ற வேண்டாம். வண்ணம் கிழடு தட்டியதாகவும் இருக்கலாம்.

கடைசியாகக் கீழ் விளிம்பு. அங்கே ஒரு பட்டை வெட்டுப்பட்டு, பிறகு வேறு துண்டு சேர்க்கப்பட்டிருக்கிறது. கையொப்பமும் ஆண்டும் அந்த இழப்போடு போயிருக்கலாம். அதனால்தான் 'சுமார் 1567-68' என்று பாணியை வைத்துக் கணிக்கிறார்கள்.

படி 11: பக்கத்தில் வைக்க இரண்டு ஓவியங்கள்

அதே மியூசியத்தில் 'குடியானவர் நடனம்' இருக்கிறது, கிட்டத்தட்ட அதே அளவு. ஊர்த் திருவிழா, பேக்பைப், வலதிலிருந்து கைபிடித்து ஓடி வரும் ஒரு ஜோடி. கல்யாண ஓவியத்தில் இயக்கம் தட்டில், அங்கே கால்களில். இரண்டும் ஜோடியாக வரையப்பட்டவையா என்பது விவாதத்தில் உள்ளது. இன்னொன்று 1566ல் வரைந்த 'கல்யாண நடனம்', அமெரிக்காவில் டெட்ராய்ட் கலை நிறுவனத்தில். 119.4 x 157.5 செமீ. அதில் ப்ரூகெல் இன்னும் கூட்டத்தைச் சற்று மேலிருந்தே பார்க்கிறார். கல்யாண ஓவியத்தில் அவர் எவ்வளவு தூரம் கீழே இறங்கி வந்துவிட்டார் என்று இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும்.

ப்ரூகெல் ஒரு குடியானவர் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. அவர் 1551ல் ஆன்ட்வெர்ப்பின் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர், இத்தாலி போய் வந்தவர், நிலப்படம் வரைந்த ஓர்ட்டேலியஸின் நண்பர். அவருடைய ஓவியங்களை வாங்கியவர்கள் நகரத்துச் செல்வந்தர்கள். அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 1604ல், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய காரெல் வான் மாண்டர் ஒரு செய்தியைப் பதிவு செய்தார்: ப்ரூகெல் தன் வணிக நண்பர் ஹான்ஸ் ஃபிராங்கர்ட்டோடு குடியானவர் உடை அணிந்து, பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ என்று சொல்லிக்கொண்டு, கையில் பரிசோடு ஊர்க் கல்யாணங்களுக்குப் போவாராம். கதையில் எவ்வளவு உண்மை என்று சரிபார்க்க வழியில்லை. ஆனால் பந்தியின் நடுவில் போய் உட்காராமல் இந்தத் தட்டை யாரும் இந்தத் தூரத்திலிருந்து வரைந்திருக்க முடியாது.

வியன்னா போக வாய்த்தால், பத்தாம் எண் அறைக்குக் காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். 'பாபேல் கோபுரம்', 'பனியில் வேட்டைக்காரர்கள்' எல்லாம் அங்கேதான் இருப்பதால் சீக்கிரம் கூட்டம் சேரும். முதலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று சுழற்சியைப் பாருங்கள். பிறகு காவலர் அனுமதிக்கும் தூரம்வரை நெருங்கி, சிவப்புத் தொப்பிக்கு அடியில் இருக்கும் அந்த விரலைத் தேடுங்கள்.